மாஸ்க்கா, நெஞ்சுக்குள் கருவியா?

எனக்கும் ஜேர்மனியில் இருக்கும் என் சித்தப்பாவின் மகனுக்கும் ஒரே வியாதி: நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது, ஸ்லீப் அப்னியா என்பார்கள். அதற்காக அவன் இரண்டு வருடத்துக்கு முன் வலது காரை எலும்புக்குக் கீழே ஒரு கருவியை வைத்துத் தைத்துக்கொண்டான். கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டி அளவு. அதிலிருந்து போகிற ஒரு கம்பி, தாடைக்குக் கீழே நாக்கை அசைக்கும் நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. இரவு படுக்கும்போது ரிமோட்டை நெஞ்சில் வைத்து ஒரு பட்டனை அமத்துவான். அவ்வளவுதான், முகத்தில் ஒன்றும் கிடையாது. அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரே உபதேசம்: "அண்ணை, அந்த மூஞ்சி மூடியைத் தூக்கி எறியுங்கோ. இதைச் செய்யுங்கோ."

நான் வெள்ளவத்தைக்காரன். 2021 இல் இருந்து இரவில் காற்று மெஷினோடு வரும் மாஸ்க். அவன் சொன்னதைச் சும்மா தள்ளிவிட மனம் வரவில்லை. மாஸ்க்கை ஆசைப்பட்டுப் போடுகிற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை, நானும் அப்படி இல்லை. ஆகவே இருந்து படித்தேன், இரண்டு டொக்டர்களிடம் கேட்டேன், அவனையும் குடைந்தெடுத்தேன். கடைசியில் நான் மாஸ்க்கோடேயே நின்றுவிட்டேன். ஆனால் அவன் செய்தது அவனுக்குச் சரி என்றுதான் இப்போதும் சொல்வேன். இதே கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் கொழும்பில் நிறையப்பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காக என் கணக்கை எழுதிவைக்கிறேன்.

வியாதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அல்லது நன்றாகக் குறைந்தால், அதை ஒன்று என்று எண்ணுவார்கள். மணித்தியாலத்துக்கு எத்தனை என்பதுதான் ஏ.எச்.ஐ. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. எனக்கு 41. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தரம் யாரோ கழுத்தைப் பிடித்துவிட்டு விடுகிற மாதிரி. நான் குறட்டை விட்டால் என் மனைவிக்குக் கவலையில்லை, குறட்டை நின்றால்தான் எழும்பி உட்காருவாள். பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்ற காருக்குள் நான் நித்திரையாகி, பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்து எழுப்பிய நாளில்தான் ஸ்லீப் ஸ்டடிக்கு, அதாவது நித்திரையில் மூச்சை அளக்கும் சோதனைக்குச் சம்மதித்தேன்.

மாஸ்க் என்று நாங்கள் சொன்னாலும் வேலை செய்வது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று மெஷின்தான், சீபாப் என்பார்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாரும் "ஒக்சிஜன் போடுறியளோ?" என்று இரக்கமாகக் கேட்பார்கள். ஒக்சிஜன் இல்லை. அறையில் இருக்கிற அதே காற்றைக் கொஞ்சம் அமுக்கத்தோடு மூக்குக்குள் அனுப்புகிறது, அந்தக் காற்றே உள்ளே முட்டுக்கொடுத்துத் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கிறது. அமுக்கத்தைத் தண்ணீரின் உயரத்தில் அளக்கிறார்கள், வழக்கமாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் வரை. உயரமான கிளாஸில் ஸ்ட்ரோவைப் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விட்டுக் குமிழி வரும்வரை ஊதிப் பாருங்கள், அதுதான் 10. சிட்னியில் கொலின் சலிவன் என்ற டொக்டர் 1980 இல் இதை முதலில் ஒரு நோயாளிக்கு வைத்துப் பார்த்தபோது வக்யூம் கிளீனர் மோட்டரைத்தான் பிடித்தாராம், இழுக்கிற மெஷினை ஊதவைத்தார். 1981 இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. இன்றைக்கு மெஷின் கிசுகிசுப்பு அளவில்தான் சத்தம் போடுகிறது, ஆனால் கொள்கை அதேதான்.

இனி என் கதை. மாஸ்க்கை வெறுத்து ஒதுக்குகிறவர்களில் முக்கால்வாசிப்பேரின் கதையும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மெஷின் வாங்கிய கடையில் என்னைக் கதிரையில் இருத்தி, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க் ஒன்றை முகத்தில் வைத்துப் பார்த்து, "சைஸ் சரி சேர்" என்று பெட்டியில் போட்டுத் தந்துவிட்டார்கள். மெஷினைப் போட்டுக்கூடக் காட்டவில்லை. இருக்கும்போது ஒரு முகம், படுக்கும்போது வேறு முகம். கன்னச் சதை சரிகிறது, தாடை பின்னால் போகிறது. முதல் இரவு இரண்டு மணிக்கு மாஸ்க்கின் மேல்விளிம்பால் காற்றுக் கசிந்து நேரே கண்ணுக்குள் அடித்தது. வாரை இறுக்கினேன், மூக்குத்தண்டில் புண் வந்தது. இன்னும் இறுக்கினேன், இன்னும் கசிந்தது. வயிற்றுக்குள் காற்றுப் போய் விடியவிடிய ஏப்பம். மீசையையும் பழி சொன்னேன். மூன்று வாரத்தில் மாஸ்க் கட்டில் தலைமாட்டில் தொங்கத் தொடங்கியது, ஏழு மாதம் அப்படியே தொங்கியது. அந்த ஏழு மாதத்தில் யாராவது சத்திரசிகிச்சை என்று வாயைத் திறந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

என்னை மாற்றியது ஒரு ரெக்னீஷியன் பெடியன். வேறொரு கிளினிக்கில், வாங்கில் படுக்கச்சொல்லி, தலையணை வைத்து, மெஷினைப் போட்டு, அமுக்கத்தை 12க்கு ஏற்றினான். பிறகுதான் மாஸ்க்கைக் கையில் எடுத்தான். "இடப்பக்கம் திரும்புங்கோ ஐயா. இப்ப வலப்பக்கம். இப்ப வாயைத் திறவுங்கோ." நாலாவதாக எடுத்தது மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சிலிக்கன் குமிழ். வார்களைத் தளர்த்தச் சொன்னான், இறுக்கச் சொல்லவில்லை. முகத்தை அமுக்காமல் காற்றே அந்தச் சிலிக்கனை விரித்து ஒட்டவைக்கவேண்டும், இறுக்கினால் விளிம்பு மடிந்து கசியும் என்றான். ஏழு மாதம் நான் செய்தது தலைகீழ் வேலை. அன்றிரவு ஆறரை மணித்தியாலம். காலையில் மெஷினின் திரையில் 2.8 என்று காட்டியது. 41 இல் இருந்து 2.8. பேத்தி என்னைப் பார்த்து "அப்பப்பா பிள்ளையார்" என்கிறாள், நெற்றியில் இருந்து தும்பிக்கை மாதிரி ரியூப் தொங்குகிறதாம். பரவாயில்லை.

ஆகவே மாஸ்க் தனக்குச் சரிவரவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த மாஸ்க், படுத்துக்கொண்டு அளந்தார்களா என்றுதான். ஒரே மாஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்திக்குப் போவது, செருப்புக் கடித்ததற்குக் காலில் ஒப்பரேஷன் செய்கிற மாதிரி.

மாஸ்க்குக்கு நம்மூரில் வேறு தலையிடிகள் உண்டு, ஒளிக்கத் தேவையில்லை. காலி வீதியில் இருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறோம். மெஷினின் பின்புறத்தில் வெள்ளையாகப் போடும் ஃபில்டர் இரண்டு கிழமையில் சாம்பல் நிறமாகி, ஒரு மாதத்தில் கரிக்கட்டை மாதிரி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மற்ற நேரம் என்னத்தைச் சுவாசிக்கிறேன் என்று யோசிப்பேன். காற்றை ஈரமாக்கும் தட்டுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் விடவேண்டும். ஒரு கடையில் "எல்லாம் ஒண்டுதான்" என்று பற்றறித் தண்ணியைத் தரப்பார்த்தார்கள், வாங்கிவிடாதீர்கள். கொழும்புக் குழாய்த் தண்ணீர் அவசரத்துக்குக் கொதிக்கவைத்து ஆற்றினால் ஒரு இரவுக்குத் தாங்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனபோது கிணற்றுத் தண்ணீரை விட்டு, காலையில் தட்டின் அடியில் கேத்திலில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டினேன். இரவு பஸ்ஸில் போகும்போது மாஸ்க் போட வழியில்லை என்பதும் கணக்கில் வரும்.

பெரிய தலையிடி கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தபோதுதான் நான் 12 வோல்ட் பற்றறி ஒன்றும் அதற்கான கொன்வேர்ட்டரும் வாங்கினேன். ஈரமாக்கியையும் சூடாக்கும் ரியூபையும் நிறுத்திவிட்டால் மெஷின் குடிக்கிற மின்சாரம் மிகக் குறைவு. போட்டால் பற்றறி பாதி இரவோடு படுத்துவிடும். 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது ஞாபகம் இருக்கும். நல்லகாலம், அது பகலில் பாய்ந்தது.

மெஷின் விலை சில லட்சம். அதனால் வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் பாவித்த மெஷினைக் கொண்டுவந்து தருவதும், பழையதை வாங்குவதும் உண்டு. கவனம். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பனி ட்ரீம்ஸ்டேஷன் முதல் மொடல் உட்பட லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைத்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த பஞ்சு உதிர்ந்து மூச்சுப் பாதைக்குள் போகலாம் என்பது காரணம். வெக்கையும் ஈரமும் பஞ்சைச் சீக்கிரம் உதிரவைக்கும் என்றும் சொன்னார்கள், கொழும்பில் வேறென்ன இருக்கிறது? மலிவு என்று யாராவது தந்தால் மொடலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி தம்பியின் கருவி. அவனுக்கு மாஸ்க் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டால் மூன்று மாஸ்க், மூன்று வருடம் முயன்றான் என்று டொக்டரின் கடிதம் சொல்லும். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பங்கருக்குள் பதுங்கி வளர்ந்த பிள்ளை அவன். முகத்தில் எதையாவது வைத்து மூடினால் இருட்டில் எழும்பிக் கத்துவான். அதற்கு எந்த ரெக்னீஷியனாலும் சைஸ் எடுக்க முடியாது.

கருவி செய்கிற வேலை இது. மூளையில் இருந்து வரும் 12ஆவது நரம்புதான் நாக்கை அசைக்கிறது. அவன் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தரமும் கருவி அந்த நரம்பைத் தூண்டி நாக்கை முன்னால் தள்ளுகிறது, பாதை திறந்திருக்கிறது. வலப்பக்கம் ஏன் என்று கேட்டேன், இடப்பக்கத்தை நாளைக்கு இதயத்துக்குப் பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் என்று விட்டுவைக்கிறார்களாம். பட்டனை அமத்தியதும் வேலை தொடங்காது, நித்திரையாகும்வரை அரை மணித்தியாலம் போல அவகாசம் கொடுக்கும். ஒருநாள் வீடியோ கோலில் வாயைத் திறந்து போட்டுக் காட்டினான். நாக்கு தானாக எழும்பி முன்பல்லில் முட்டி நின்றது, அவன் கண் சிரிக்கிறது, நாக்கு அவன் சொல் கேட்கவில்லை. என் மனைவி அறையை விட்டு எழும்பிப் போய்விட்டாள்.

எல்லாருக்கும் இதை வைக்கமாட்டார்கள். முதலில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, மூக்கால் கமரா விட்டு, தொண்டை எப்படி மூடுகிறது என்று பார்ப்பார்கள். முன்பின்னாக மூடினால் சரி. அண்ணம் சுருக்குப்பை வாய் மாதிரி நாலு பக்கத்தாலும் சுருங்கினால், நாக்கைத் தள்ளிப் பெரிய பலன் இல்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உடல் நிறைக்கும் எல்லை உண்டு. முதல் பெரிய ஆய்வில் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு நிறையைக் காட்டும் எண்) 32க்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை; பிறகு 2023 இல் அமெரிக்காவில் 40 வரை தளர்த்தினார்கள். மூளையே மூச்சுவிட மறக்கிற வகை வியாதி அதிகம் இருந்தாலும் இது உதவாது.

அந்த ஆய்வின் எண்களைப் பார்ப்போம். 2014 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வந்தது, அதே ஏப்ரலில் அமெரிக்க அரசு இன்ஸ்பயர் என்ற இந்த வகைக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. 126 பேர். நடுப்பெறுமானமாக ஏ.எச்.ஐ. ஒரு வருடத்தில் 29.3 இல் இருந்து 9.0க்கு இறங்கியது. நல்ல முடிவுதான். ஆனால் ஏ.எச்.ஐ. பாதிக்கும் கீழே குறைந்து 20க்குள் வரவேண்டும் என்று அவர்களே வைத்த அளவுகோலைத் தாண்டியவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான். மூன்றில் ஒருவர் வெட்டுப்பட்டும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மின் தூண்டலால் அசௌகரியம் 40 சதவீதம் பேருக்கு, நாக்கு பல்லில் உரசிப் புண்ணானது ஐந்தில் ஒருவருக்கு. தம்பிக்கும் புண் வந்தது, பல் டொக்டர் கீழ்ப்பல்லுக்கு ஒரு உறை செய்துகொடுத்தார். அவனுடைய 38 இப்போது 11.

இதில்தான் நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். மாஸ்க் என் எண்ணை 2.8க்குக் கொண்டுவருகிறது, கருவி அவன் எண்ணை 11க்கு. மேலோட்டமாகப் பார்த்தால் மாஸ்க் வென்றுவிட்டது. ஆனால் மாஸ்க் முகத்தில் இருக்கும்போதுதான் அந்த 2.8. ஏழு மணித்தியால நித்திரையில் மூன்றரை மணித்தியாலம் மட்டும் போட்டுவிட்டு மிச்சத்துக்குக் கழற்றி எறிகிறவருக்கு, பாதி இரவு 3, பாதி இரவு 41. சராசரி 22. விடியும்வரை 11 இல் நிற்கிற கருவி அவரை இலகுவாக வெல்லும். அப்படிப் பாதியில் கழற்றுகிறவர்கள் அபூர்வமும் இல்லை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மாஸ்க் தடுக்கிறதா என்று 2,700 பேரை வைத்துப் பார்த்து 2016 இல் வெளிவந்த சேவ் ஆய்வில், சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணித்தியாலம்தான் போட்டிருந்தார்கள், இதயத்துக்குப் பலனும் தெரியவில்லை. பகல் நித்திரையும் மனநிலையும் நன்றாகின. ஆகவே தீர்மானிக்க வேண்டிய எண் உங்கள் மெஷினிலேயே இருக்கிறது: போன மாதம் சராசரியாக எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள்? ஆறு, ஏழு என்றால் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசித்து மினக்கெடவேண்டாம். மாஸ்க்கை மாற்றி, மூக்கடைப்பைப் பார்த்து, எல்லாம் செய்தும் இரண்டு, மூன்றைத் தாண்டவில்லை என்றால் யோசியுங்கள். அதற்கு நடுவில் இருப்பவர்களுக்கு என் பதில், திரும்பவும் அந்த வாங்கில் போய்ப் படுங்கள்.

காசுக் கணக்கு வேறு. ஜேர்மனியில் அரச காப்புறுதி கட்டியது, தம்பி சில்லறைதான் கொடுத்தான். நாங்கள் கையால் கட்டினால் பத்தாயிரக்கணக்கான டொலர், நம் காசில் கோடியை எட்டிப் பிடிக்கும். எங்கே செய்வது என்று கேட்டதற்கு டொக்டர் சிங்கப்பூரைச் சொன்னார். ஒரு தரம் போய்வருவதோடு முடிந்தால் காணியை விற்றாவது சிலர் போவார்கள். முடியாது. வெட்டி உள்ளே வைத்து, ஒரு மாதம் ஆறவிட்டுத்தான் கருவியை இயக்கத் தொடங்குவார்கள். பிறகு மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, இன்னொரு ஸ்லீப் ஸ்டடி வைத்துச் சரிபார்ப்பார்கள். அதன் பிறகும் காலத்துக்குக் காலம் காட்டவேண்டும். பற்றறி 11 வருடம் போல வரும், முடிந்ததும் நெஞ்சை மறுபடி திறந்து கருவியை மாற்றவேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டி வந்தால் எந்த மொடல் என்று அட்டையைக் காட்டிக் கேட்கவேண்டும். எனக்கு இப்போது 58. அறுபத்தொன்பதில் நாக்கு திடீரென்று இழுக்காமல் நின்றால் யாரிடம் ஓடுவேன்? என் மாஸ்க்கின் சிலிக்கன் கிழிந்தால் ஓட்டோ பிடித்துப் போய் வாங்கி அன்றிரவே போட்டுக்கொள்ளலாம். என்னை நிறுத்தியது கத்திப் பயமோ விலையோ இல்லை, இந்தத் தூரம்தான். தம்பிக்கு டொக்டர் இருபது நிமிட ரயில் தூரத்தில்.

இரண்டுக்கும் நடுவில் வேறு வழிகளும் உண்டு. லேசும் நடுத்தரமுமான ஆட்களுக்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி நன்றாக உதவும், விலையும் குறைவு, ஆனால் அச்செடுத்துச் செய்தது வேண்டும். மல்லாந்து படுத்தால் மட்டும் வருகிறவர்கள் சரிந்து படுத்துப் பழகலாம். நிறை கூடியவர்களுக்கு நிறை குறைப்பதும் உதவும். 2024 டிசம்பரில் அமெரிக்கா நிறை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை, உடற்பருமனோடு நடுத்தர, கடும் வியாதி உள்ளவர்களுக்கு அனுமதித்தது, அதைப் பற்றி இன்னொரு நாள். எனக்குப் பத்துக் கிலோ குறைந்தபோது மெஷினே அமுக்கத்தை 12 இல் இருந்து 9க்கு இறக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ஏப்பமும் போய்விட்டது.

போன ஆவணிக்குத் தம்பி வந்து எங்களோடு ஒரு கிழமை நின்றான். அறை ஒன்றுதான் சும்மா இருந்தது, நானும் அவனும் ஆளுக்கொரு கட்டிலில். அவன் ரிமோட்டை நெஞ்சில் வைத்து ஒரு தட்டு, நான் வார்களை மாட்டி, தண்ணீர் பார்த்து, ரியூபைத் தலைமாட்டுக் கம்பியில் கொழுவி, அதற்குள் அவன் நித்திரை. இரண்டரை மணிக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்ற சத்தத்தில் நான் எழும்ப, மூக்கில் காற்றும் இல்லை. இருட்டில் பற்றறி வயரைத் தடவிக் கொழுவினேன். பிளக் கையை விட்டு விழுந்து கட்டிலுக்கு அடியில் போனது, குனிந்து எடுத்தேன், தலையை இடித்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டான்: "இரவு கரண்ட் போனதோ அண்ணை? மணிக்கூடு பிழையாய்க் காட்டுது."